குழந்தைகளின் குருதியிற் புகும் பங்கசும் அதற்கான மருத்துவமும்

அப்பத்துக்கு மாக் கரைத்து, கள்ளோ மதுவமோ சேர்த்து இரவு முழுவதும் மூடி வைத்தால், விடியும்போது மா பொங்கி நிற்பதை எமது அன்னையர் நன்கறிவர். மேசையில் மறந்துவிட்ட பாணிற் சில நாட்களின் பின் பச்சை நிறப் பூஞ்சணம் படர்வதை மாணவச் செல்வங்கள் கண்டிருப்பர். மழைக்குப் பின் மண்ணைப் பிளந்து முளைக்கும் காளானையும் நாம் அறிவோம். மதுவமும் பூஞ்சணமும் காளானும் தோற்றத்தில் வேறுபட்டாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்தை எமது பாடநூல்கள் பங்கசு என்று கூறும். தமிழகத்திற் பூஞ்சை என்பர்.

மனிதனுக்கு உணவு தந்தும், 1928-ம் ஆண்டில் அலெக்சாந்தர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலினைத் தந்தும் உதவிய இந்த இனமே, நோயுற்று வைத்தியசாலையிற் படுத்திருக்கும் ஒரு குழந்தையின் குருதியினுள் நுழைந்துவிட்டால் உயிரைப் பறிக்கும் பகையாகிவிடுகிறது. இந்நோய் எவ்வாறு வருகிறது, அதனை எதிர்க்க எத்தகைய மருந்துகள் உள, அம்மருந்துகளைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது ஏன் இத்துணை நுட்பமான செயல் என்பவற்றை எளிமையாக விளக்குவதே எமது நோக்கமாகும்.

எந்தக் குழந்தைகளுக்கு இந்நோய் வரும்?

முதலிற் பெற்றோரின் அச்சத்தைப் போக்குவோம். நலமாக ஓடியாடித் திரியும் குழந்தைக்கு இந்நோய் வருவது மிக அரிது. அஸ்பேர்ஜிலஸ் என்னும் பூஞ்சணத்தின் வித்திகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம். கன்டிடா என்னும் மதுவம் எமது வாயிலும் குடலிலும் தோலிலும் குடியிருக்கிறது. எமது வெண்குருதிக் கலங்கள் காவற்காரரைப் போல் நின்று இவற்றை எல்லை தாண்டவிடாமல் தடுத்துவிடுகின்றன. கைக்குழந்தையின் நாவில் வெள்ளையாகப் படியும் வாய்ப்புண்ணும், தோலிற் படரும் படர்தாமரையும் மேற்பரப்போடு நின்றுவிடும் பங்கசு நோய்களே. அவற்றையும் இங்கு நாம் கூறும் நோயையும் ஒன்றெனக் கருதலாகாது.

காவல் தளர்ந்தவிடத்திலேயே பகைவன் உட்புகுகிறான். அவ்வாறு காவல் தளர்ந்த குழந்தைகளை மூன்று வகையினராகப் பிரிக்கலாம்.

முதலாம் வகையினர், காலத்துக்கு முன் பிறந்த சிசுக்கள். ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த நிறையோடு பிறக்கும் சிசுவின் தோல் மிக மெல்லியது. எதிர்ப்புச் சக்தி முதிர்ச்சி அடையாதது.

இரண்டாம் வகையினர், குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் ஆவர். புற்றுநோயை அழிக்கும் மருந்துகள் வெண்குருதிக் கலங்களையும் வாரக்கணக்கிற் குறைத்துவிடுகின்றன.

மூன்றாம் வகையினர், தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் தங்கியிருப்போர். பெரிய நாளத்துட் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக மருந்தும் உணவும் பெறும் இவர்களுக்கு, அக்குழாயே பங்கசு ஒட்டி வளரும் இடமாகிவிடலாம். அத்துடன், பற்றீரியாவைக் கொல்லும் மருந்துகளை நீண்ட நாள் கொடுக்கும்போது குடலிலுள்ள நல்ல பற்றீரியாக்களும் அழிகின்றன. காலியான அவ்விடத்திற் கன்டிடா பெருகுகிறது.

கண்டறிவதில் உள்ள இடர்

இந்நோய்க்கெனத் தனி அடையாளம் எதுவும் இல்லை. காய்ச்சல், சோர்வு, மூச்சுத் திணறல் என வேறு பல நோய்களுக்கும் உரிய குறிகளே தோன்றும். காலத்துக்கு முன் பிறந்த சிசுவிற் காய்ச்சல் கூடத் தோன்றாது போகலாம். குருதியை எடுத்து வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்ப்பதே பழமையான சோதனை. ஆனால் உடலினுள் ஆழமாகக் கன்டிடா பரவியுள்ளோரில் ஏறத்தாழ அரைப் பங்கினரிலேதான் இச்சோதனை அதனைக் காட்டுகிறது. சிறு குழந்தையிடமிருந்து எடுக்கக்கூடிய குருதியின் அளவும் குறைவு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆகவே பங்கசின் சுவரிலிருந்து குருதியிற் கலக்கும் பொருட்களைத் தேடும் சோதனைகளையும், நெஞ்சின் சி.ரி. படத்தையும் வைத்தியர்கள் துணைக்கொள்கின்றனர்.

வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்துள்ள குழந்தைக்குப் பற்றீரியாவுக்கான மருந்து கொடுத்து 96 மணி நேரம் கடந்த பின்னரும் காய்ச்சல் தணியாவிடின், சோதனை முடிவுக்குக் காத்திராமலே பங்கசுக்கான மருந்தைத் தொடங்குவதும் உண்டு. "நோய் இன்னதென்று உறுதியாகாமலே மருந்து ஏற்றுகிறார்களே" என்று பெற்றோர் கலங்குவது இயல்பு. அறியாமையால் அவ்வாறு செய்கின்றனர் என்று எண்ண வேண்டாம். இந்நோயிற் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பகைவனுக்கே சாதகமாகும்.

மருந்துகள் ஏன் அரிதாயின?

பற்றீரியாவை எதிர்க்கப் பற்பல மருந்துகள் உள்ளன. உடலினுட் பரவிய பங்கசை எதிர்க்கவோ கைவிரல் விட்டு எண்ணத்தக்க மருந்துக் குடும்பங்களே உள்ளன. காரணம் வியப்புக்குரியது. பங்கசு எமக்கு உறவினன்! உயிரினங்களின் வம்சாவளியில், பற்றீரியாவிலும் பார்க்க, ஏன் தாவரங்களிலும் பார்க்க, பங்கசுகள் விலங்குகளுக்கு நெருங்கியவை என்பது இன்றைய விஞ்ஞானத்தின் முடிவு. அவற்றின் கலங்களுக்கும் எமது கலங்களைப் போலக் கரு உண்டு. உள்ளே நிகழும் தொழிற்பாடுகளும் பெரும்பாலும் ஒத்தவையே. எனவே பங்கசைக் கொல்லும் நஞ்சு பலவும் குழந்தையின் கலங்களையும் தாக்கும்.

ஆயினும் உறவினரிடையேயும் வேறுபாடுகள் உண்டு. மருத்துவ அறிஞர் இரண்டினைப் பற்றிக்கொண்டனர். ஒன்று, கலத்தை மூடியுள்ள மென்சவ்வு. எமது மென்சவ்விற் கொலஸ்திரோல் உள்ளது. பங்கசின் மென்சவ்வில் அதன் இடத்தில் எர்கொஸ்திரோல் என்னும் சற்று வேறுபட்ட கொழுப்புப் பொருள் உள்ளது. மற்றையது, கலச்சுவர். பங்கசுக் கலத்தைச் சூழ்ந்து உறுதியான சுவர் உண்டு. எமது கலங்களுக்குச் சுவரே இல்லை. இவ்விரு வேறுபாடுகளின் மீதே இன்று பெரும்பாலும் பயன்படும் மூன்று மருந்துக் குடும்பங்களும் எழுந்துள்ளன.

முதற் குடும்பம்: மண் தந்த மருந்து

1940களின் இறுதியில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிறவுண் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் பணியாற்றினர். ஹேசன் நியூயோர்க் நகரில் மண் மாதிரிகளிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்தார். இரசாயனவியலாளரான பிறவுண் தொலைவிலுள்ள அல்பனி நகரில் அவற்றிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார். மாதிரிகள் தபாலிலேயே இங்குமங்கும் சென்று வந்தன! ஹேசனின் நண்பர் ஒருவரது பண்ணை மண்ணிலிருந்து கிடைத்த மருந்து 1950-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தம் மாநிலத்தின் பெயரால் அதற்கு நிஸ்ரற்றின் எனப் பெயரிட்டனர். அதனாற் கிடைத்த உரிமைப் பணம் 1 கோடியே 30 இலட்சம் டொலர் வரையில் உயர்ந்தது. இருவரும் அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது விஞ்ஞான ஆராய்ச்சிக்கே அளித்தனர். இந்த மருந்து வாய்ப்புண்ணுக்கு இன்றும் பயன்படுகிறது. ஆயினும் குருதியில் ஏற்ற முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை உடையது.

குருதியில் ஏற்றத்தக்க அம்போதெரிசின் பி, தென் அமெரிக்காவின் ஒறினோக்கோ ஆற்றுப் பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களிற் பெறப்பட்டது. எர்கொஸ்திரோலைப் பற்றிப் பிடித்து, மென்சவ்வைக் குலைத்துப் பங்கசைக் கொல்வது இதன் தொழில். எர்கொஸ்திரோலும் கொலஸ்திரோலும் உடன்பிறப்புகள் போன்றவையாதலால், இம்மருந்து எமது கலங்களையும் ஓரளவு தாக்கியது. மருந்து ஏறும்போதே காய்ச்சலும் நடுக்கமும் தோன்றின, சிறுநீரகம் பழுதடைந்தது. ஆயினும் பல ஆண்டுகள் வேறு வழி இருக்கவில்லை. 1990களில் இம்மருந்தை மிக நுண்ணிய கொழுப்புக் குமிழ்களுள் அடக்கிக் கொடுக்கும் முறை பயன்பாட்டுக்கு வந்தது. குமிழினுள் அடங்கிய மருந்து சிறுநீரகத்தைத் தாக்குவது வெகுவாகக் குறைந்தது. ஆதலால், பழைய வடிவில் நாளொன்றுக்கு ஒரு கிலோகிராம் நிறைக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராமுக்கு மேற் கொடுக்கத் தயங்கிய வைத்தியர்கள் இன்று 3 முதல் 5 மில்லிகிராம் வரை கொடுக்க முடிகிறது. 2021-ம் ஆண்டில், கொரோனாத் தொற்றின் பின்னர் இந்தியாவிற் பலரைத் தாக்கிய கறுப்புப் பூஞ்சை நோய்க்குத் தேவைப்பட்டதும், போதிய அளவு கிடைக்காமல் உறவினர் அலைந்ததும் இந்த மருந்துக்காகவே.

இரண்டாம் குடும்பம்: அசோல் மருந்துகள்

எர்கொஸ்திரோலைத் தாக்காமல், அது உருவாவதையே தடுப்பவை இவை. இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்திலுள்ள சான்ட்விச் என்னும் ஊரில் 1980களில் உருவாக்கப்பட்ட புளூகோனசோல் இவற்றுட் பெயர்பெற்றது. வாயாலும் கொடுக்கலாம், நாளத்திலும் ஏற்றலாம். ஒரு கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறந்த 100 சிசுக்களை அமெரிக்க வைத்தியர்கள் இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2001-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். போலி மருந்து பெற்ற 50 சிசுக்களுள் 10 பேருக்குப் பங்கசு நோய் பரவியது. புளூகோனசோல் பெற்ற 50 பேரில் ஒருவருக்கேனும் பரவவில்லை. இன்று, இந்நோய் மிகுதியாகக் காணப்படும் பிரிவுகளில் இத்தகைய சிசுக்களுக்கு இம்மருந்தை முன்காப்பாகவே கொடுக்கின்றனர்.

ஆனால் புளூகோனசோல் அஸ்பேர்ஜிலஸ் பூஞ்சணத்தை வெல்லாது. அதற்கென வந்தது 2002-ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வொரிகோனசோல். 12 வயதுக்கு மேற்பட்டோரில் நடைபெற்று அதே ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், அஸ்பேர்ஜிலஸ் நோயுற்று இதனைப் பெற்றோருள் நூற்றுக்கு 71 பேர் 12 வாரங்களின் பின் உயிரோடிருந்தனர். பழைய அம்போதெரிசின் பெற்றோருள் நூற்றுக்கு 58 பேரே அவ்வாறிருந்தனர்.

இக்குடும்பத்திலும் உறவினால் வரும் இடர் உண்டு. எர்கொஸ்திரோலை ஆக்கும் பங்கசின் நொதியத்தை ஒத்த நொதியங்கள் எமது ஈரலிலும் உள. வேறு மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுவது அவற்றின் வேலை. அசோல் மருந்து இவற்றையும் தடுப்பதால், மற்ற மருந்துகள் உடலில் அளவுக்கு மிஞ்சித் தேங்கிவிடலாம். குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து இவ்வாறு தேங்கினால் நரம்புகள் பாதிக்கப்படும். குடலின் இயக்கமும் முடங்கும். அத்தகைய குழந்தைக்கு வைத்தியர்கள் வேறு குடும்பத்து மருந்தையே நாடுவர்.

மூன்றாம் குடும்பம்: சுவரை இடிக்கும் மருந்துகள்

எமக்கில்லாத கலச்சுவரைத் தாக்கினால் எமக்குத் தீங்கு குறையுமல்லவா? அந்த எண்ணம் 2001-ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கஸ்போபஞ்சின் மூலம் நிறைவேறியது. பங்கசு தன் சுவரைக் கட்டும் வேலையை இது நிறுத்திவிடுகிறது. இம்மருந்தின் மூலப்பொருளைத் தந்ததும் ஒரு பங்கசுதான் என்பது சுவையான செய்தி. மைக்காபஞ்சினும் இக்குடும்பத்ததே. கன்டிடா குருதியிற் பரவினால் இன்று பெரும்பாலும் முதலிற் கொடுக்கப்படுபவை இவையே. ஆயினும் இவற்றை நாளத்தினூடாகவே ஏற்ற வேண்டும். மூளைக்கும் கண்ணுக்கும் சிறுநீருக்கும் இவை போதிய அளவிற் சென்று சேர்வதில்லை.

குழந்தை, சிறிய உருவிலுள்ள பெரியவர் அல்லர்

பெரியவருக்குரிய மருந்தின் அளவை நிறைக்கேற்பக் குறைத்துக் குழந்தைக்குக் கொடுத்தாற் போதும் என்றே எவரும் எண்ணுவர். மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்குத் தருகிறோம். முதல் நாளின் கூடிய அளவுக்குப் பின்னர், பெரியவருக்கு நாளத்தில் ஏற்றும் வொரிகோனசோல், கிலோகிராமுக்கு 4 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை. 60 கிலோ நிறையுள்ளவருக்கு ஒரு முறைக்கு 240 மில்லிகிராம். இதே வீதத்தில் 20 கிலோ நிறையுள்ள குழந்தைக்கு 80 மில்லிகிராம் என்று விடை வரும். கணக்குச் சரி, மருத்துவம் பிழை! 2 வயது முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் ஈரல் இம்மருந்தை மிக விரைவாகச் சிதைத்துவிடுவதால், கிலோகிராமுக்கு 8 மில்லிகிராம் வீதம் 160 மில்லிகிராம் தேவைப்படுகிறது. 80 மில்லிகிராமோடு நிறுத்தினால், மருந்து கொடுத்தும் நோய் வளரும்.

எல்லா வயதினருக்கும் இவ்விதி ஒன்றன்று. புதிதாய்ப் பிறந்த சிசுவின் சிறுநீரகம் புளூகோனசோலை மெதுவாகவே வெளியேற்றும். எனவே முன்காப்புக்கு வாரத்தில் இருமுறை கொடுத்தாலே போதுமானதாகிறது. மைக்காபஞ்சினோ சிசுக்களுக்குக் கிலோகிராமுக்குக் கூடிய அளவில் வேண்டும். கஸ்போபஞ்சினை நிறையால் அன்றி உடற் பரப்பின் அளவாற் கணிக்கின்றனர். அதுமட்டுமன்று, ஒரே வயதும் ஒரே நிறையும் உள்ள இரு குழந்தைகளிற் கூட, பரம்பரை இயல்பினால் வொரிகோனசோலின் அளவு குருதியிற் பெரிதும் வேறுபடலாம். இதனால் மருந்து தொடங்கிச் சில நாட்களில் குருதியெடுத்து அளவைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கின்றனர். "எத்தனை முறைதான் என் பிள்ளையைக் குத்துவது" என்று தாய் வருந்தும் அந்த ஊசிகளுட் சில, இக்காரணத்துக்காகவே குத்தப்படுகின்றன.

காய்ச்சல் தணிந்தாலும் சிகிச்சை முடிவதில்லை

குருதியிற் கன்டிடா கண்டறியப்பட்டால், இயன்றவிடத்து நாளத்திலுள்ள குழாயை விரைவில் அகற்றுவர். மருந்து எட்டாதபடி பங்கசு அதன் மீது படலமாக ஒட்டிக்கொள்வதே காரணம். பின்னர் நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் குருதியைச் சோதிப்பர். பங்கசு நீங்கியதென முதன்முதலிற் காட்டிய நாளிலிருந்தே 14 நாட் கணக்குத் தொடங்கும். கண், இதயம் முதலிய உறுப்புக்களிற் பரவியுள்ளதா என்றும் பார்ப்பர். அஸ்பேர்ஜிலஸ் நோய்க்கோ குறைந்தது 6 முதல் 12 வாரங்கள் சிகிச்சை வேண்டும். பிள்ளை தேறி வீடு வந்த பின்னரும் குளிசையோ பாணி மருந்தோ தொடரும். இக்கட்டத்தில், "இப்போது நலந்தானே" என்று மருந்தை நிறுத்திவிடுதல் பெரும் ஆபத்தாகும்.

பெற்றோர் கவனத்துக்கு

1. பிள்ளைக்கு வீட்டிற் கொடுக்கும் கைமருந்து, மூலிகைக் கஷாயம், சத்துக் குளிசை எதுவாயினும் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ கூறுங்கள். அசோல் மருந்துகள் பிற பொருட்களோடு மோதும் இயல்புடையன என மேலே கண்டோம். மறைப்பதால் எவருக்கும் மரியாதை கூடுவதில்லை.

2. என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் அறைக்குள் வரும் காற்று, நுண்ணிய வடிகளினூடாகத் தூய்மையாக்கப்படுகிறது. அவ்வறைக்குட் பூமாலையோ பூச்சாடியோ கொண்டு செல்லாதீர்கள். மண்ணிலும் வாடும் மலரிலும் பூஞ்சண வித்திகள் உண்டு. கோயிலிலிருந்து கொண்டுவரும் பூவுக்கும் பிரசாதத்துக்கும் இது பொருந்தும். தாதியரைக் கேட்டு, அவர் அனுமதிப்பதை மட்டும் கொண்டு செல்லுங்கள்.

3. வாயால் எடுக்கும் வொரிகோனசோலை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ கொடுக்க வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த பொசகோனசோலின் பாணி வடிவமோ உணவோடு கொடுத்தாலே உடலிற் சேரும். பெயர்கள் ஒத்திருப்பதால் முறையும் ஒன்றென எண்ணலாகாது.

4. வொரிகோனசோல் பெறும் பிள்ளையின் தோல் வெயிலைத் தாங்காது. தொப்பி, நீண்ட கைச்சட்டை, வெயிற் பூச்சு ஆகியவை அவசியம். "எங்கள் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்று இருந்துவிட வேண்டாம். பார்வை மங்குவதாகவோ நிறங்கள் மாறித் தெரிவதாகவோ பிள்ளை கூறினால் உடனே அறிவியுங்கள்.

5. பிள்ளையைத் தொடும் முன்னரும் பின்னரும் கைகளைக் கழுவுங்கள். 2009-ம் ஆண்டில் யப்பானில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட கன்டிடா ஒரிஸ் என்னும் பங்கசு, வைத்தியசாலைகளிற் கைகள் மூலமும் பொருட்கள் மூலமும் பரவக்கூடியது. பல மருந்துகளுக்கு அடங்காதது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-ம் ஆண்டில் வெளியிட்ட 19 பங்கசுகளின் பட்டியலில், மிகக் கொடிய முதல் நான்கினுள் இதுவும் ஒன்று.

மாணவர்களுக்கு ஒரு சொல்

புலம்பெயர்ந்த நாடுகளின் வைத்தியசாலைகளில் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. கட்டிலில் நோயுற்ற தம்பி. அருகே கலங்கி நிற்கும் தாய் தந்தையர். அவர்களுக்கும் வைத்தியருக்கும் நடுவே மொழிபெயர்த்து நிற்கும் பத்துப் பன்னிரண்டு வயது அக்கா. வைத்தியர் "பங்கசு குருதியிற் பரவிவிட்டது" என்று ஆங்கிலத்திற் கூற, அப்பிள்ளை தனக்குத் தெரிந்த ஒரே சொல்லால் "பூஞ்சணம் பிடிச்சிருக்காம்" என்கிறாள். தாய் அதனைத் தோலிற் படரும் தேமல் என்று விளங்கிக்கொள்கிறார். கைமருந்து பற்றி வைத்தியர் கேட்டதும் தாயிடம் சென்று சேர்வதில்லை.

இப்பாரம் ஒரு குழந்தையின் தோளில் ஏற்றப்படலாகாது. பெரும்பாலான இடங்களில் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும் முறை உண்டு. பெற்றோர் தயங்காது கேட்டுப் பெற வேண்டும். தெளிவில்லாத சொல்லை மறுபடியும் விளக்குமாறு கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. எனினும் நள்ளிரவில், எவரும் இல்லாத வேளையில், வீட்டுப் பிள்ளையே பேச நேரும் நாளும் வரக்கூடும். அன்று ஈரல், சிறுநீரகம், குருதி, மென்சவ்வு என்னும் சொற்கள் இரு மொழியிலும் தெரிந்திருப்பின், அது ஓர் உயிருக்கு உதவும். சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பாடசாலையிற் கற்கும் சொற்களுக்கு இத்தகைய பயனும் உண்டென்பதை மாணவர் மனத்திற் கொள்வாராக.

உறவினனாய் வந்த இப்பகைவனை வெல்ல, மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள குறுகிய பாதையில் வைத்தியர்கள் நடக்கின்றனர். பெற்றோர் கூறும் ஒவ்வோர் உண்மையும் அப்பாதையில் அவர்களுக்கு வெளிச்சமாகும். எமது குழந்தைகள் அனைவரும் நோயின்றி நீடு வாழ்க. நோயுற்ற குழந்தைகள் விரைவில் நலம்பெற்று வகுப்பறைக்கு மீள்க.